உப்பு மாவும் ஒன்றரை வயதுக் குழந்தையும்

கேள்வி: என் மூத்த மகளுக்கு நான்கு வயது, இளையவனுக்கு ஒன்றரை வயது. கடையில் வாங்கிய வண்ணக் களிமண்ணின் வாடை எனக்குப் பிடிக்காததால், மைதாவையும் உப்பையும் பிசைந்து வீட்டிலேயே விளையாட்டு மாவு செய்து கொடுத்தேன். இரண்டே நாளில் பிசுபிசுத்துப் போய், நான்காம் நாள் பூஞ்சை பிடித்துவிட்டது. கொஞ்சம் வெண்காரம் (போராக்ஸ்) சேர்த்தால் கெடாது என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். சேர்க்கலாமா? எப்படியும் வீட்டில் செய்ததுதானே, சின்னவன் வாயில் வைத்தாலும் பரவாயில்லை அல்லவா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன். பரவாயில்லை என்று சொல்வதற்கில்லை. வீட்டில் செய்த மாவில் இனம் தெரியாத ரசாயனம் எதுவும் இருக்காது என்பது உண்மை. ஆனால் அந்த மாவைக் கெடாமல் காப்பதே உப்புதான், அந்த உப்புதான் சின்னக் குழந்தைக்கு ஆபத்து. ஒரு டம்ளர் மைதாவுக்கு அரை டம்ளர் பொடியுப்பு என்ற வழக்கமான அளவில் செய்தால், வெந்து இறங்கும் மாவின் எடையில் கால் பங்குக்கு மேல் உப்பாகவே இருக்கும். நெல்லிக்காய் அளவு உருண்டை ஒன்றில், அதாவது சுமார் 15 கிராம் மாவில், ஏறத்தாழ 4 கிராம் உப்பு அடங்கியிருக்கும். பெரியவர்களே ஒரு நாளில் 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு உண்ண வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பத்து, பதினோரு கிலோ எடையுள்ள குழந்தை இரண்டு மூன்று உருண்டைகளை விழுங்கிவிட்டால் இரத்தத்தில் சோடியம் அளவுக்கு மீறி உயர்ந்து, கடும் தாகம், வாந்தி, சோர்வு என்று தொடங்கி வலிப்பு வரை கொண்டுபோய்விடக்கூடும். கரிப்புத் தாங்காமல் பெரும்பாலான குழந்தைகள் முதல் கடியிலேயே துப்பிவிடுவார்கள் என்பது ஆறுதலான செய்திதான். ஆனால் எல்லாக் குழந்தையும் துப்பிவிடும் என்று நம்பி மாவை எட்டும் இடத்தில் வைக்க முடியாது.

ஆகவே இருவருக்கும் ஒரே மாவு என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். மூத்தவளுக்கு உப்பு மாவு, இளையவனுக்குக் கொழுக்கட்டை மாவு என்று இரண்டு வகையாகச் செய்வதே முறை. பச்சரிசி மாவைக் கொதிநீர் விட்டு, ஒரு கரண்டி நல்லெண்ணெய் சேர்த்துக் கிளறி, உப்பே போடாமல் ஆறவைத்துக் கொடுங்கள். அரிசி மாவில் கோதுமைக்குரிய இழுவை இல்லாததால் விரிசல் விடும். அது ஒன்றரை வயதுக்காரனுக்கு ஒரு குறையாகவே தெரியாது. அன்று காலை செய்ததை அன்று மதியமே எறிந்துவிட வேண்டும், ஏனெனில் உங்கள் ஊர் வெயிலில் உப்பில்லாத வெந்த மாவு மாலைக்குள் ஊசிப்போகும். வாய்க்குள் முழுதாகப் போகும் அளவுக்குச் சின்ன உருண்டையாகப் பிடித்துக் கொடுக்காதீர்கள். பிசுக்கான மாவு தொண்டையில் அடைத்துக்கொள்ளும் என்பதால், அவன் விளையாடி முடிக்கும்வரை பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

இனி மூத்தவளின் மாவுக்கு வருவோம். நீங்கள் செய்த மாவு கெட்டதற்குக் காரணம், அது வேகாத மாவு என்பதுதான். பச்சை மாவில் நுண்கிருமிகள் இருக்கக்கூடும், அதனால் பச்சை மாவை அளைந்த கை வாய்க்குப் போவதும் நல்லதல்ல. ஒரு டம்ளர் மைதா, அரை டம்ளர் பொடியுப்பு, ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு ஆகியவற்றை அடிகனமான வாணலியில் ஊற்றி, அடுப்பை மூட்டும் முன்பே கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். கல்லுப்பு வேண்டாம். கரையாமல் நிற்கும் பரல்கள் கையை உறுத்தும். பிறகு சிறுதீயில் விடாமல் கிளறினால், முதலில் ஓரங்களில் திரண்டு, திடீரென்று மொத்தமும் அல்வாவைப் போலச் சுருண்டு வாணலியில் ஒட்டாமல் வரும். அந்த நேரத்தில் ஒரு துளியைக் கிள்ளி விரலில் உருட்டிப் பாருங்கள். ஒட்டினால் இன்னும் ஒரு நிமிடம் கிளற வேண்டும். தேங்காய் எண்ணெயைவிட நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ நல்லது, ஏனெனில் குளிர்பெட்டியில் வைத்தால் தேங்காய் எண்ணெய் உறைந்து மாவைக் கல்லாக்கிவிடும். வெளிநாட்டுச் செய்முறைகளில் வரும் க்ரீம் ஆஃப் டார்டார் என்ற புளிப்புத் தூளைத் தேடி அலைய வேண்டாம், அதன் வேலையை எலுமிச்சைச் சாறே செய்துவிடும்.

பூஞ்சை பிடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சூடு ஆறும் முன்பே டப்பாவில் போட்டு மூடினால், மூடியின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்து மாவின் மேல் சொட்டும், பூஞ்சை முளைப்பது அந்த ஈரத்தில்தான். நன்றாக ஆறிய பிறகு, காற்றுப் புகாத டப்பாவில் குளிர்பெட்டியில் வையுங்கள். இரண்டு வாரம் தாங்கும். மழைக்காலத்தில் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்தால், ஒரு கரண்டி மைதா தூவி, மறுபடி சிறுதீயில் சற்றுக் கிளறினால் போதும். வாடை மாறினால் ஆராய்ச்சி செய்யாமல் எறிந்துவிடுங்கள்.

வெண்காரம் கூடவே கூடாது. வாய்ப்புண்ணுக்கு அந்தக் காலத்தில் பாட்டிமார் தடவியதுண்டு என்பார்கள். ஆனால் அதை விழுங்கும் குழந்தைக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும், கண்ணில் பட்டால் உறுத்தும். இனப்பெருக்கத்துக்குக் கேடு செய்யும் பொருளாக அதை ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தியும் இருக்கிறது. வாசனைக்காகச் சூடத்தையோ யூகலிப்டஸ் தைலத்தையோ சேர்க்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே உள்ளே போனால் சின்னக் குழந்தைகளுக்கு வலிப்பை உண்டாக்கும். வாசனை வேண்டுமென்றால் ஒரு ஏலக்காயைத் தட்டிப் போடுங்கள்.

நிறத்துக்கு அடுக்களையே போதும். மஞ்சள் தூளை வீட்டில் அரைத்ததாகப் பயன்படுத்துங்கள். நிறம் கூட்டுவதற்காக ஈய குரோமேட் கலந்த மஞ்சள் சந்தையில் பிடிபட்டிருக்கிறது. பீட்ரூட் சாற்றை மாவு வெந்து இறக்கிய பின்பே சேர்க்க வேண்டும், அடுப்பிலேயே ஊற்றினால் சூட்டில் நிறம் வெளிறிவிடும். சங்குப்பூ இதழ்களை வெந்நீரில் ஊறவைத்த நீல நீரை இந்த மாவில் ஊற்றினால், எலுமிச்சையின் புளிப்பால் அது ஊதாவாக மாறும். நான்கு வயதுக் குழந்தைக்கு அதைக் கண் முன்னே செய்து காட்டினால், விளையாட்டே அங்கிருந்துதான் தொடங்கும். கடைச் சாயம் வாங்குவதானால் உணவுக்கு அனுமதிக்கப்பட்டது என்று உறையில் அச்சிட்டிருப்பதை மட்டுமே வாங்குங்கள். துணிச்சாயமும் உதிரியாகப் பொட்டலம் கட்டி விற்கும் பொடியும் வேண்டாம். 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாய்க்குத் தடை விதித்தது, அதில் ரோடமைன்-பி என்ற துணிச்சாயம் இருந்ததால்தான் என்பது உங்களுக்கு நினைவிருக்கும்.

உங்கள் மகள் மாவில் பிள்ளையார் பிடிப்பாள், பிடித்ததும் கண்ணுக்குக் குன்றிமணி கேட்பாள். சதுர்த்தியன்று களிமண் பிள்ளையாரில் பார்த்திருப்பாள் அல்லவா? அதைக் குழந்தைகள் கையில் கொடுக்கவே கூடாது. மென்று விழுங்கினால் ஒரே மணிகூட உயிருக்கு ஆபத்தாகலாம். மிளகும் கடுகும் கொண்டைக்கடலையும் நஞ்சல்ல என்றாலும், மூக்குக்குள் போய்விடும் என்பதால் அவையும் வேண்டாம். தீக்குச்சியின் பின்முனையால் இரண்டு குழி குத்தினால் கண் வந்துவிடும்.

கோதுமை ஒத்துக்கொள்ளாத குழந்தை வீட்டுக்கு விளையாட வந்தால் மைதா மாவை எடுக்காதீர்கள். 1956-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ப்ளே-டோவிலும் கோதுமை உண்டு என்பதால், கடைமாவு அதற்கு மாற்றாகாது. (அது முதலில் சுவரில் ஒட்டிய அலங்காரத் தாளின் கரியைத் துடைப்பதற்காகச் செய்யப்பட்ட பொருள் என்பது தனிக் கதை.) கையில் கீறலோ கரப்பான் புண்ணோ இருக்கும் நாளில் உப்பு மாவு எரியும், அன்றைக்கு விளையாட்டை ஒத்திப்போடுங்கள்.

எவ்வளவு கவனித்தாலும் சின்னவன் ஒரு துணுக்கை நக்கிவிட்டால் பதற வேண்டாம். வாயைத் துடைத்துத் தண்ணீர் கொடுத்தால் போதும். உருண்டையாகவே விழுங்கியிருந்தாலோ, வாந்தியெடுத்துத் துவண்டு படுத்தாலோ, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். 108-ஐ அழைக்கத் தயங்காதீர்கள். வாந்தி எடுக்கவைப்பதற்காக உப்புக் கரைசல் கொடுக்கும் பழைய வழக்கம் எந்த நஞ்சுக்குமே தவறு. இதற்கு அது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதாகிவிடும்.

பழைய மாவைத் தெரு நாய்க்கோ மாட்டுக்கோ போட்டுவிடாதீர்கள். குறிப்பாக நாய்கள் இந்த உப்பு மாவைத் தின்று செத்துப்போனதுண்டு. தொட்டிக் குழாயில் கரைத்து ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். தாளில் பொதிந்து குப்பைக்கூடையில் போட்டு மூடிவிடுங்கள். பாயிலும் தரையிலும் ஒட்டியதை ஈரத்துணியால் தேய்க்காமல் காயவிட்டால், மறுநாள் விளக்குமாற்றாலேயே பெருக்கித் தள்ளிவிடலாம்.