சேர்வரை மாற்றியதும் 2002 பிழை வருவது ஏன்?

மட்டக்களப்பில் ஒரு சங்கத்தின் பழைய இணையதளத்தை (பிஎச்பி 5 என்ற நிரல்மொழியில் எழுதியது) புதிய லினக்ஸ் சேர்வருக்கு மாற்றியதும், தரவுத்தளத்தோடு இணையும்போது 2002 என்ற எண்ணுள்ள பிழை வருகிறது என்று கேட்டிருந்தீர்கள்.

கடவுச்சொல்லைத் தொடாதீர்கள். அது தவறென்றால் 1045 என்ற பிழை வந்திருக்கும். 2002 என்றால் தரவுத்தளத்தின் வாசலுக்கே போய்ச் சேரவில்லை. முதலில் தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல் ஓடுகிறதா பாருங்கள். கரண்ட் போய் வந்திருந்தாலும், டிஸ்க் நிரம்பியிருந்தாலும் அது எழும்பாமல் போகலாம்.

ஓடுகிறதா? சரி, அப்படியென்றால் பெரும்பாலும் தளத்தின் இணைப்பு அமைப்பில் சேர்வர் பெயராகக் கொடுத்திருக்கும் லோக்கல்ஹோஸ்ட்தான் (அதே கணினி என்று பொருள்) காரணம். லினக்ஸில் அந்தப் பெயரைக் கொடுத்தால் பிஎச்பி மைஎஸ்கியூஎல்லின் வழக்கமான நெட்வொர்க் வழியான 3306 போர்ட்டுக்குப் போகாது, ஒரே கணினிக்குள் நிரல்கள் பேசிக்கொள்ளும் சாக்கெட் கோப்பைத் தேடும். பிஎச்பியின் பழைய அமைப்பில் அந்தக் கோப்பின் இடம் வேறாகக் குறிக்கப்பட்டிருக்கலாம். லோக்கல்ஹோஸ்ட் என்பதை 127.0.0.1 என்று மாற்றிப் பாருங்கள்; அப்போது போர்ட் வழியே போகும்.

அப்புறம் 2054 என்ற பிழை வந்தால், பெரும்பாலும் மைஎஸ்கியூஎல் 8-இன் புதிய கடவுச்சொல் முறை பழைய பிஎச்பிக்குப் புரியவில்லை. அப்படியென்றால் தளம் பயன்படுத்தும் மைஎஸ்கியூஎல் பயனருக்கு மட்டும் பழைய கடவுச்சொல் முறையை அமையுங்கள்.