வயிறு, பாங்காக், பதினாலு நாள்

அன்புள்ள அக்கா,

ரங்கூன் தாம்வேயிலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். வயது 34. இரண்டு பெண் பிள்ளைகள், இரண்டுமே ஆபரேஷன். சின்னவளுக்கு நாலு வயது ஆகிறது, என் வயிறு மட்டும் இன்னும் உள்ளே போகவில்லை. நடந்தேன், சோற்றைக் குறைத்தேன். எடை இறங்கியது, வயிறு இறங்கவில்லை. போன பீலிக்கான் கோயில் திருவிழாவில் தூரத்து உறவில் ஒரு அத்தை, விபூதி பூசிய கையோடு என் வயிற்றைத் தொட்டு, "எத்தனாவது மாசம்மா?" என்று கேட்டார். அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை.

பாங்காக்கில் டம்மி டக், அதாவது வயிற்றை இறுக்கும் ஆபரேஷன் செய்துகொள்ள ஒரு ஏஜெண்டிடம் பேசியிருக்கிறேன். 1,75,000 பாட். சுகும்வித் பக்கம் ஹோட்டலில் ஐந்து இரவு, காலைச் சாப்பாட்டோடு. ஏர்போர்ட்டுக்கு வேன் வரும். அதே நாளில் மூக்கையும் சேர்த்து எடுப்பாக்கிக்கொண்டால் கூட 35,000 பாட் கொடுத்தால் போதுமாம். மாதக் கடைசிக்குள் முப்பது சதவீதம் முன்பணம், திரும்பக் கிடைக்காது. வீட்டுக்காரருக்குச் சம்மதம், ஆனால் கூட வர முடியாது. மாமியார், "பிள்ளை பெத்த வயிறு அப்படித்தான் இருக்கும், இதுக்கு யாராவது கத்தி வைப்பாங்களா" என்கிறார். தெயின்ஜி மார்க்கெட் ஜவுளிக்கடையில் ஆறு வருஷம் நின்று சேர்த்த பணம். உங்கள் நாத்தனார் இதே ஆபரேஷனுக்குப் போய் வந்ததாக ஒரு முறை எழுதியிருந்தீர்கள். போகலாமா, வேண்டாமா? சென்னை நல்லதா?

- உங்கள் வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

மாமியார் பேச்சை முதலில் ஓரமாக வைப்போம். பிள்ளை பெற்ற வயிறு அப்படித்தான் இருக்கும் என்பது நிஜம். அப்படியே இருந்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. காது குத்துகிறோம், மூக்கு குத்துகிறோம், காலையில் எழுந்ததும் தனக்கா மரப்பட்டையை உரைத்துப் பூசுகிறோம். அழகுக்காக உடம்பில் கை வைக்காத பெண்ணை ரங்கூனில் எங்கே தேடுவது? அதனால் இது தேவையா என்று நான் கேட்கப்போவதில்லை. அந்த அத்தையைத்தான் கேட்க வேண்டும்.

ஆனால் உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். ஹோட்டல் எந்தப் பக்கம் என்று இருக்கிறது. காலைச் சாப்பாடு இருக்கிறது. வேன் இருக்கிறது. உங்கள் வயிற்றைத் திறக்கப்போகிற டாக்டரின் பெயர் இல்லை. நீங்கள் எழுத மறந்திருந்தால் சரி. ஏஜெண்டே சொல்லவில்லை என்றால் முன்பணத்தை இப்போதைக்குக் கொடுக்காதீர்கள்.

பாங்காக்குக்கு முன்னால் இங்கேயே ஒரு வேலை இருக்கிறது. எடை குறைந்தும் வயிறு குறையவில்லை என்கிறீர்கள். வயிற்றின் நடுவில் மேலிருந்து கீழாக இரண்டு தசைப் பட்டைகள் ஓடுகின்றன. கர்ப்பத்தில் அவை விலகும், சிலருக்குத் திரும்பச் சேராது. டம்மி டக்கில் தொங்கும் தோலை வெட்டி எடுப்பதோடு இந்தத் தசையையும் இழுத்துத் தைக்கிறார்கள். ஆனால் பழைய தழும்பு வழியாகக் குடல் பிதுங்கும் ஹெர்னியாவும் வெளிப் பார்வைக்கு இப்படித்தான் இருக்கும். அது அழகுக் கணக்கு இல்லை, வைத்தியம். ஒரு ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். இன்னொன்று, மூன்றாவது பிள்ளை பற்றி மனதின் ஓரத்தில் ஏதாவது எண்ணம் இருந்தால் இதை ஒத்திப்போடுங்கள். தைத்த தசை அடுத்த கர்ப்பத்தில் மறுபடி விலகலாம்.

சரி, நாத்தனார் கதை. 2016இல் நான்தான் கூடப் போனேன். ஆபரேஷன் முடிந்து அவளை அறைக்குக் கொண்டுவந்தபோது வயிற்றின் இரண்டு பக்கமும் மெல்லிய குழாய் தொங்கியது. ஒவ்வொன்றின் முனையிலும் எலுமிச்சம்பழம் அளவில் ஒரு பிளாஸ்டிக் குமிழ். உள்ளே ஊறும் நீரும் ரத்தமும் அதில் வந்து சேரும். நாலாம் நாள் மருத்துவமனை எங்களை வெளியே அனுப்பிவிட்டது, குழாயோடுதான். ஹோட்டல் அறையில் காலையும் மாலையும் குமிழைத் திறந்து, கோடு போட்ட சின்னக் கப்பில் ஊற்றி, எத்தனை மில்லி என்று நோட்டில் எழுதுவது என் வேலை. 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே வந்தால்தான் குழாயை எடுப்பார்கள். முதலில் கருஞ்சிவப்பு, அப்புறம் ரோஸ்மில்க் நிறம், கடைசியில் வெளிறிய மஞ்சள். அவள் குமிழ்களை லுங்கியில் ஊக்கு போட்டுக் குத்திக்கொண்டு, கூன் விழுந்த கிழவி மாதிரி குனிந்தே நடந்தாள். நிமிர்ந்தால் தையல் இழுக்கும். டாய்லெட்டில் உட்காரவைக்கவும் எழுப்பவும் ஆள் வேண்டும். உங்கள் பாக்கேஜில் காலைச் சாப்பாடு உண்டு, சரி. ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பிவிட யார் இருக்கிறார்கள்? வீட்டுக்காரர் ஏன் வர முடியாது என்று நீங்கள் எழுதவில்லை, எழுதவும் வேண்டாம், காரணம் இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அக்கா, தங்கை, அம்மா, யாராவது ஒருவர் கட்டாயம் வர வேண்டும். அவருடைய டிக்கெட்டும் உங்கள் கணக்கில்தான் சேரும்.

குழாய் ஒன்பதாம் நாள் வெளியே வந்தது. 2015இல் பர்மாவும் தாய்லாந்தும் போட்ட ஒப்பந்தப்படி விமானத்தில் போகிற நமக்கு விசா இல்லாமல் பதினாலு நாள். ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனைக்கு ஒரு நாள், ஆபரேஷனுக்கு ஒரு நாள் என்று கழித்துப் பாருங்கள், மீதி என்ன இருக்கிறது? நீட்டிக்க வேண்டுமென்றால் 1,900 பாட் கட்டி, குனிந்த முதுகோடு குடிநுழைவு அலுவலகத்தில் வரிசையில் நிற்க வேண்டும், கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரி இஷ்டம். (விதிகள் மாறும், கிளம்பும் முன் தாய்லாந்துத் தூதரகத்தில் கேட்டுவிடுங்கள்.) நாங்கள் நீட்டிக்கவில்லை, திரும்பிவிட்டோம். பதினேழாம் நாள், வீட்டில், தையலின் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்குப் புண் வாய் திறந்துகொண்டது.

பாங்காக் மருத்துவமனைக்கு வைபரில் படம் அனுப்பினோம். பதில் வந்தது, மரியாதையாகத்தான் வந்தது: வந்து காட்டுங்கள், டாக்டர் ஃபீஸ் வேண்டாம், ஆபரேஷன் தியேட்டருக்கும் கட்டு மருந்துக்கும் மட்டும் கொடுத்தால் போதும். டிக்கெட்டை யார் கொடுப்பது? இங்கே ஒரு சர்ஜனிடம் ஓடினோம். அவர் புண்ணைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "உள்ளே என்ன நூல் போட்டிருக்காங்க, வலை ஏதாவது வெச்சிருக்காங்களா? பேப்பர் எங்கே?" என்றார். எங்களிடம் ரசீது இருந்தது. ஆபரேஷன் குறிப்பு இல்லை. ஒருத்தர் தைத்ததை இன்னொருத்தர் தொட மாட்டார் என்பதற்குக் கோபித்துக்கொண்டு பயனில்லை, அவர் இடத்தில் நான் இருந்தாலும் தயங்குவேன். கடைசியில் மனசு இறங்கி ஒத்துக்கொண்டார். ஆறு வாரம், ஒன்றுவிட்டு ஒரு நாள் கட்டு மாற்றினோம்.

ஆபரேஷனுக்குப் பேசியது 1,40,000 பாட். எல்லாம் முடிந்தபின் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கூட்டிப் பார்த்தபோது 2,15,000. இரண்டு பேர் டிக்கெட், கூடுதல் நாள் ஹோட்டல், இறுக்கு உடுப்பு இரண்டு, மருந்து, இங்கே கட்டு போட்ட செலவு, ஆறு வாரம் அவள் கடைக்குப் போகாதது. உங்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. 2020இல் ஒரு டாலர் நம் பணத்தில் ஆயிரத்து சொச்சம் சாட், 2024இல் வெளிச்சந்தையில் 4,000க்கு மேல் போனது. ஏஜெண்ட் பாட்டில் பேசுகிறார், நீங்கள் சாட்டில் சேர்த்திருக்கிறீர்கள். முன்பணம் கட்டும் நாளுக்கும் மீதியைக் கட்டும் நாளுக்கும் நடுவில் விலை தானாகவே ஏறலாம். பேசிய தொகைக்கு மேல் இன்னொரு பாதியைக் கையில் வைத்துக்கொள்ள முடியாவிட்டால் இந்த வருஷம் போகாதீர்கள். பயண இன்சூரன்ஸ் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம், அழகு ஆபரேஷனால் வரும் சிக்கலைப் பொதுவாக அவர்கள் சேர்ப்பதில்லை.

அடுத்து மூக்கு. எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது இந்த இடத்தில்தான். நீங்கள் கேட்காத ஒன்றைத் தள்ளுபடி விலையில் நீட்டுகிறார்கள், துணிக்கடையில் இரண்டு எடுத்தால் மூன்று என்கிற மாதிரி. ஆபரேஷன் மேஜையில் இந்தக் கணக்கு எடுபடாது. நேரம் கூடக்கூட, மயக்கத்தில் அசையாமல் கிடக்கிற உடம்பில் காலில் ரத்தம் கட்டும் ஆபத்து ஏறும். அந்தக் கட்டி கழன்று நுரையீரலுக்குப் போனால் நிமிஷத்தில் உயிர் போகலாம். டொமினிக்கன் குடியரசுக்கு அழகு ஆபரேஷனுக்குப் போய் 2009 முதல் 2022 வரை இறந்த அமெரிக்கர்கள் 93 பேர் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணக்கு வெளியிட்டது. விவரம் கிடைத்து ஆராய்ந்த மரணங்களில் பெரும்பாலானவை ரத்தக்கட்டி அல்லது கொழுப்பு அடைத்து வந்தவை. அவர்களில் அதிகம் பேருக்கு ஒரே சமயத்தில் பல ஆபரேஷன்கள் சேர்த்துச் செய்திருந்தார்கள். உங்கள் 35,000 பாட் சலுகையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

"ரங்கூனுக்கு ஒரு மணி நேரம் சொச்சம்தானே விமானம்" என்று ஏஜெண்ட் சொல்லுவார். சரிதான். ஆனால் ரத்தம் கட்டும் ஆபத்து விமானத்திலிருந்து இறங்கியதும் இறங்கிப் போகாது, வாரக்கணக்கில் இருக்கும். ஆபரேஷனைப் பொறுத்து ஐந்து முதல் பத்து நாள் வரை விமானம் ஏறாதீர்கள் என்று பிரிட்டன் சுகாதாரத் துறை சொல்கிறது. உங்கள் பாக்கேஜ் ஐந்து இரவு. வீடு வந்தபின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்களா? டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அதுவும் ரத்தத்தைக் கட்டவைக்கலாம்.

மூக்கைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. வீக்கம் முழுதாக வடிய ஒரு வருஷம் ஆகும், பிடிக்கவில்லை என்றால் திருத்தவும் அதுவரை காத்திருக்கச் சொல்வார்கள். அப்போது மறுபடி டிக்கெட். வேடிக்கை என்னவென்றால் ஒரு காலத்தில் மூக்குக்கு வழி காட்டியதே நம் பக்கம்தான். மூக்கறுபட்ட ஒரு வண்டிக்காரருக்குப் பூனாவில் நெற்றித் தோலை இறக்கி மூக்கு வைத்த கதை 1794இல் லண்டன் பத்திரிகையில் வந்தது. கார்ப்யூ என்ற ஆங்கில சர்ஜன் அதைப் படித்துவிட்டு இருபது வருஷம் பிணங்களில் பழகி, 1814இல்தான் உயிருள்ள ஆளிடம் கத்தி வைத்தார். உங்கள் ஏஜெண்ட் ஒரே மத்தியானத்தில் வயிற்றையும் மூக்கையும் முடித்துத் தருகிறேன் என்கிறார்.

தாய்லாந்து என்பதற்காகப் பயப்பட வேண்டாம், அங்கே முதல் தர மருத்துவமனைகள் இருக்கின்றன, பர்மியம் பேசுகிற மொழிபெயர்ப்பாளர்களும் இருக்கிறார்கள். ஆனால் அங்கே கிளினிக் என்பது வேறு, மருத்துவமனை என்பது வேறு. கிளினிக்குக்கு நோயாளியை ராத்திரி தங்கவைக்க அனுமதி கிடையாது. டம்மி டக் செய்த அன்றே ஹோட்டலுக்கு அனுப்பும் இடம் என்றால் அந்த வேன் எதற்கு என்று புரிந்துகொள்ளுங்கள். உரிம எண் பதினோரு இலக்கம், வாசலிலேயே போட்டிருக்க வேண்டும். டாக்டரின் பெயரைத் தாய்லாந்து மருத்துவ கவுன்சில் இணையதளத்தில் போட்டால் பதிவு உண்டா, எந்தத் துறையில் தேர்ச்சி என்று வரும். மயக்க மருந்து யார் கொடுக்கிறார்கள் என்று தனியாகக் கேளுங்கள். கிளம்பும்போது ஆபரேஷன் குறிப்பை ஆங்கிலத்தில், கையெழுத்தோடு வாங்காமல் படியிறங்காதீர்கள். அதற்கும் முன்னால், இங்கே ஒரு சர்ஜனைப் பார்த்து, "அங்கே செய்துவிட்டு வந்தால் பின்னால் நீங்கள் பார்ப்பீர்களா" என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். அவர் மாட்டேன் என்றால், அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

சென்னையா? மொழி நம்முடையது, அது பெரிய விஷயம், எங்கே வலிக்கிறது என்று மொழிபெயர்க்க வேண்டாம். தங்க உறவுக்காரர் வீடு இருந்தால் மூன்று வாரம் நிதானமாக இருந்துவிட்டு வரலாம், மருத்துவ விசா எடுத்துக்கொண்டால் நாளை எண்ணி எண்ணி ஓட வேண்டியதில்லை. கேள்விகள் மட்டும் அதேதான். ரங்கூனிலேயே செய்தால் அழகு கொஞ்சம் குறைவாக அமையலாம், ஆனால் தைத்தவர் டாக்ஸி தூரத்தில் இருப்பார். நானாக இருந்தால் இங்கே இரண்டு பேரையாவது பார்த்துவிட்டுத்தான் மற்றதை யோசிப்பேன். எங்கே செய்தாலும் ஆறு வாரத்துக்கு நாலு வயதுக்காரியைத் தூக்க முடியாது. அவளுக்கு இதை எப்படிச் சொல்லப் போகிறீர்கள் என்றும் யோசித்துவையுங்கள்.

நாத்தனாருக்கு அந்த இடத்தில் இன்றைக்கும் தழும்பு கொஞ்சம் அகலம்தான். ஆனால் இதை எழுதும் முன் போன் போட்டு, "மறுபடி அந்தக் காலம் வந்தால் போவாயா" என்று கேட்டேன். "போவேன் அண்ணி, பேப்பரை வாங்கிட்டு வருவேன்" என்றாள்.

ஸ்கேன் எடுத்தபின் எழுதுங்கள். ஏஜெண்டிடம் டாக்டர் பெயரைக் கேட்டு, அவர் என்ன பதில் சொன்னார் என்பதை அதற்கு முன்னாலேயே எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா