ஜனவரியில் சேரலாமா, மே வரை பொறுக்கலாமா?

கேள்வி: டெக்சஸில் ஒரு மருத்துவமனையில் 9 ஆண்டுகளாக ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) ஆக வேலை செய்கிறேன். கம்யூனிட்டி காலேஜில் அசோசியேட் டிகிரி (இரண்டு ஆண்டுப் பட்டம்) படித்துவிட்டு வந்தவள். வயது 41, கிரீன் கார்டு இருக்கிறது. வாரத்துக்கு மூன்று நைட் ஷிஃப்ட், 12 மணி நேரம் வீதம். ஆன்லைனில் பி.எஸ்.என். (நர்சிங் இளநிலைப் பட்டம்) முடிக்க ஆசை. ஒரு கல்லூரியில் 30 கிரெடிட்டுக்கு (பாடங்களை அளக்கும் அலகு) மொத்தம் 9,600 டாலர். பெயர் பெற்ற இன்னொன்றில் 21,000. பட்டம் வந்தால் மணிக்கு 1.25 டாலர் கூடுதல் சம்பளம். மருத்துவமனை ஆண்டுக்கு 4,000 டாலர் வரை கட்டணத்தைத் திருப்பித் தரும். ஜனவரியில் சேர்ந்து ஒரே ஆண்டில் முடித்துவிடலாம் என்றும், குறைகிற பணத்துக்கு 401கே என்கிற ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கிலிருந்து கடன் எடுக்கலாம் என்றும் நினைக்கிறேன். கணவருக்கு வேறு மாநிலத்துக்கு வேலை மாற்றம் வரக்கூடும். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த 401கே கடனை மறந்துவிடுங்கள். கணவரின் வேலை மாறி நீங்களும் வேலையை விட்டால், பாக்கியை அந்த ஆண்டுக்கான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் கட்டியாக வேண்டும். தவறினால் அது பணம் எடுத்ததாகவே கருதப்படும். வருமான வரியும், உங்கள் வயதில் அதன்மேல் 10 சதவீத அபராதமும் விழும். ஊர் மாறுகிற நேரத்தில் இப்படி ஒரு பில் தேவையா?

கடனே வேண்டாம் என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 9,600-ஐ 30-ஆல் வகுத்தால் கிரெடிட்டுக்கு 320 டாலர். மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 960, ஆக மொத்தம் பத்துப் பாடங்கள். மருத்துவமனையின் 4,000 டாலர் காலண்டர் ஆண்டுக் கணக்கு என்றால், ஒரு ஆண்டில் நான்கு பாடங்களுக்கான 3,840 டாலர் வந்துவிடும். நீங்கள் சொல்வதுபோல ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் பத்தையும் முடித்தால் அவர்கள் 4,000 தருவார்கள். மிச்சம் 5,600 உங்கள் கையை விட்டுப் போகும். அதையே மே மாதம் தொடங்கி அந்த டிசம்பருக்குள் நான்கு பாடம், அடுத்த ஆண்டு நான்கு, அதற்கடுத்த ஆண்டு மே மாதத்துக்குள் இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். படிப்பு இரண்டு ஆண்டு ஆகும், ஆனால் மூன்று காலண்டர் ஆண்டுகளைத் தொடுவதால் கட்டணம் முழுவதும் மருத்துவமனையின் கணக்கில் போகும். நைட் ஷிஃப்ட் பார்ப்பவருக்கு இந்த வேகம்தான் சரியும்கூட. புதன்கிழமைக்குள் டிஸ்கஷனில் பதிவு போடு, ஞாயிறுக்குள் இரண்டு பேருக்குப் பதில் எழுது என்று ஆன்லைன் வகுப்புகள் துரத்தும். காலை ஏழு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒரு பாடத்துக்கு எழுதுவதே பெரும்பாடு.

முதலாளி தரும் கல்வி உதவியில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை மத்திய வரி கிடையாது. நீங்கள் வாங்கப்போவது அதற்குள் அடங்கிவிடுவதால் அந்தப் பக்கம் கவலை இல்லை. ஆனால் அந்தப் பணத்தில் கட்டிய கட்டணத்தைக் காட்டி மறுபடியும் வரிச் சலுகை கேட்க முடியாது. கைப்பணம் போட்டதற்கு மட்டும் கேட்கலாம். கம்யூனிட்டி காலேஜ் நாட்களில் அமெரிக்கன் ஆப்பர்ச்சுனிட்டி கிரெடிட் என்கிற கல்விச் செலவு வரிச் சலுகையை எத்தனை முறை எடுத்தீர்கள் என்று பழைய வரித் தாள்களில் தேடிப் பாருங்கள். ஒருவருக்கு நான்கு ஆண்டுகள்தான் அந்தச் சலுகை. மிச்சம் இருந்து, குறைந்தது அரை நேர மாணவியாகப் பதிவு செய்திருந்தால், பாடப் புத்தகச் செலவுக்கும் அது கிடைக்கும். கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்யும்போது வருமானம் 1,60,000 டாலரைத் தாண்டினால் குறையத் தொடங்கும், 1,80,000-ல் நின்றுவிடும்.

சரி, இப்போது ஒப்பந்தக் காகிதம். பணம் வாங்கினால் இத்தனை காலம் இங்கேயே வேலை செய்வேன் என்று பல மருத்துவமனைகள் கையெழுத்து வாங்கும். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஆலோசனை கேட்ட ஒரு நர்ஸ், பட்டம் வாங்கிய ஐந்தாம் மாதம் ஊர் மாறினார். கடைசிச் சம்பளத்தில் பெரிய தொகையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த நிபந்தனை காகிதத்தில் இருந்தது, படிக்கச் சொல்லாமல் விட்டது என் தப்பு. எனவே எச்.ஆருக்கு (மருத்துவமனையின் பணியாளர் பிரிவுக்கு) இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். கட்டாய வேலைக் காலம் எவ்வளவு, அது ஒவ்வொரு தொகைக்கும் தனித்தனியாக ஓடுமா அல்லது கடைசித் தொகையிலிருந்து தொடங்குமா, நடுவில் போனால் முழுவதும் திருப்ப வேண்டுமா அல்லது மிச்ச மாதங்களுக்கு மட்டுமா, ஆண்டு வரம்பைக் கணக்கிடப் பாடம் முடியும் தேதியைப் பார்ப்பார்களா, பணம் வழங்கும் தேதியைப் பார்ப்பார்களா? பதில் எழுத்தில் வரட்டும். கிரேடு வந்த பிறகுதான் பணம் கிடைக்கும் என்பதால், முதல் பாடங்களின் கட்டணத்துக்குத் தவணை தருவீர்களா என்று கல்லூரியையும் கேளுங்கள். ஒன்றிரண்டு பாடத்தின் தொகையைக் கையில் வைத்துக்கொண்டு சுழற்றினாலே போதும்.

அந்த 21,000 டாலர் கல்லூரி வேண்டாம். ஏற்கெனவே உரிமம் உள்ள நர்ஸுக்குக் கல்லூரியின் பெயரை யாரும் கேட்பதில்லை, நர்சிங் படிப்புகளை மதிப்பிடும் சி.சி.என்.இ. அல்லது ஏ.சி.இ.என். அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். பின்னால் நர்ஸ் பிராக்டிஷனர் (நோயறிந்து மருந்து எழுதும் உயர்நிலை நர்ஸ்) படிக்கப் போனாலும் அதுதான் முக்கியம். பழைய கிரெடிட்டில் எத்தனை ஏற்கப்படும் என்பதைச் சேருவதற்கு முன்பே எழுதி வாங்குங்கள். புள்ளியியல் போன்ற ஒரு பாடம் விட்டுப்போயிருந்தால் 30 என்பது 33 ஆகிவிடும். பொதுப் பாடம் எதுவும் குறைந்தால், கல்லூரி ஏற்கும் பட்சத்தில் கிளெப் தேர்வு (வகுப்புக்குப் போகாமலே கிரெடிட் தரும் தேர்வு) எழுதுவது மலிவு.

மணிக்கு 1.25 டாலர் என்பது உங்கள் 1,872 மணி நேரத்துக்கு ஆண்டுக்கு 2,340 டாலர். வரி போகக் கையில் நிற்பது சுமார் 1,700. இதற்காக மட்டும் 21,000 செலவழித்தால் போட்டதை எடுக்கவே 12 ஆண்டு ஓடிவிடும். எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு: பகல் நேர கேஸ் மேனேஜர் (நோயாளிகளின் சிகிச்சையை ஒருங்கிணைப்பவர்) வேலை, நர்ஸ் மேனேஜர் பதவி, முன்னாள் ராணுவத்தினருக்கான வெடரன்ஸ் மருத்துவமனைகளின் மேல் நிலைகள். கணவருக்கு நியூயார்க்கில் வேலை கிடைத்தால் பயப்பட வேண்டாம். உரிமம் வாங்கி 10 ஆண்டுக்குள் பி.எஸ்.என். வேண்டும் என்று அங்கே 2017-ல் வந்த சட்டம், அதற்கு முன்பே உரிமம் பெற்றவர்களைத் தொடாது. உங்களுடையது அதைவிடப் பழையதா என்று தேதியைப் பாருங்கள்.

இடமாற்றம் இந்த ஆண்டே உறுதியானால் இங்கே பணம் வாங்கத் தொடங்காதீர்கள். புது மருத்துவமனையின் திட்டத்தைப் பார்த்துவிட்டுச் சேருங்கள். இல்லையென்றால் மே மாதமே தொடங்குங்கள். பட்டம் உறுதியான அன்றே டிரான்ஸ்கிரிப்டை (மதிப்பெண் பட்டியலை) எச்.ஆருக்கு அனுப்பிவிடுங்கள், பல இடங்களில் அந்த 1.25 டாலர் காகிதம் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஏறும், முன்தேதியிட்டுத் தர மாட்டார்கள்.