பழைய பெரிய ஹோட்டல் கட்டடத்தை அலுவலகமாக மாற்றும்போது முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஈரத்தை. பெயிண்ட், விளக்கு எல்லாம் அப்புறம். பழைய சுவர்கள் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரையில் கட்டியவை; தரையிலிருந்து ஏறும் ஈரத்தை அவை தாமே வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்பு பூத்து, செங்கல் பொருக்குப் பொருக்காக உதிரும். விரலால் தடவினால் மாவு போல ஒட்டும். தயவுசெய்து சுண்ணாம்பாலேயே பழுது பாருங்கள்.

சரி, தளம்? படுக்கையறைத் தளத்துக்குப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ எடை தாங்கும் அளவில்தான் கணக்கு. கோப்புகள் அடுக்கும் அறைக்கு 500 கிலோவாவது வேண்டும். அறைகளை இடித்து ஒரே கூடமாக்குமுன், எந்தச் சுவர் மேல்மாடியைத் தாங்குகிறது என்று கட்டமைப்புப் பொறியாளரிடம் கேளுங்கள்.

அந்த அழகான திறந்த படிக்கட்டு, தீப்பிடித்தால் புகைக்கு வழியாகிவிடும். அதை இடிக்க வேண்டாம். தீ தாங்கும் கண்ணாடித் தடுப்பு போதும்.