மதிப்பெண் குறைந்தால் நல்ல நர்ஸ் ஆக முடியாதா? உணர்வுசார் நுண்ணறிவு பற்றிய கேள்வி பதில்

நர்சிங், மருத்துவம், சமூகப்பணி மாணவர்களின் உணர்வுசார் நுண்ணறிவை (எமோஷனல் இன்டெலிஜென்ஸ்) அளப்பது பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். நர்சிங் மாணவிகளுக்கு உளவியல் எடுப்பவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எம்.எஸ்சி. நர்சிங் மாணவி, சேலம்: மேடம், பி.எஸ்சி. மாணவிகளிடம் ஆய்வு செய்யப் போகிறேன். "ஷுட்டே ஸ்கேல் எடுத்துக்கோ, எல்லாரும் அதைத்தான் எடுக்கிறாங்க" என்கிறார் கைடு. அது போதுமா?

நீங்கள் எதைத் தெரிந்துகொள்ளப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 1990இல் உளவியலாளர்கள் பீட்டர் சாலவேயும் ஜான் மேயரும் உணர்வுசார் நுண்ணறிவைப் பற்றி எழுதியபோது ஒரு திறமையாகத்தான் சொன்னார்கள். அடுத்தவர் உணர்வைக் கண்டுகொள்வது, நம் உணர்வைக் கையாள்வது எல்லாம் அதில் அடக்கம். திறமை என்றால் பரீட்சை வைத்துத்தானே பார்க்க வேண்டும்? டேவிட் கருசோவும் சேர்ந்து அவர்கள் உருவாக்கிய எம்.எஸ்.சி.இ.ஐ.டி. அப்படிப்பட்ட பரீட்சைதான், 2002இல் வந்த வடிவத்தில் 141 கேள்விகள். ஒரு முகத்தைக் காட்டி, இதில் கோபம் எவ்வளவு, பயம் எவ்வளவு என்று கேட்கும். அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். போதாக்குறைக்கு, அதில் சரியான விடை என்பது பெரும்பாலானோரோ நிபுணர்களோ சொன்ன விடைதான். அது சரியா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

1998இல் வந்த ஷுட்டே ஸ்கேல் வேறு வகை. 33 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை, ஆக மொத்தம் 33க்கும் 165க்கும் இடையில் ஒரு எண் வரும். அந்த எண்ணை மாணவி தனக்குத் தானே போட்டுக்கொள்கிறாள். தன்னம்பிக்கை உள்ள பெண் தாராளமாகப் போடுவாள், கூச்சப்படுபவள் குறைத்துப் போடுவாள். பெட்ரிடிஸ் என்ற உளவியலாளரின் டி.இ.ஐ.க்யூ. என்ற சுயமதிப்பீட்டுத் தாள் (153 கேள்விகள், சுருக்க வடிவத்தில் 30) இதைத் திறமை என்றே சொல்வதில்லை, குணநலன் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. எனக்கு அந்த நேர்மை பிடிக்கும்.

சரி, உங்கள் ஆய்வுக்கு ஷுட்டே போதும். ஆனால் முடிவுரையில் "மாணவிகளின் உணர்வுசார் நுண்ணறிவு உயர்வாக இருக்கிறது" என்று எழுதாதீர்கள், "உயர்வாக இருப்பதாக மாணவிகள் கருதுகிறார்கள்" என்று எழுதுங்கள். அப்புறம், 5, 28, 33ஆம் வாக்கியங்களுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும். இதை மறந்துவிட்டு, ஆல்ஃபா (வாக்கியங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) ஏன் குறைந்தது என்று எக்செலைத் திட்டுபவர்கள் உண்டு.

ஒரு தந்தை, விருதுநகர்: மகள் பி.எஸ்சி. நர்சிங் முதலாம் ஆண்டு. கல்லூரியில் இப்படி ஒரு டெஸ்ட் வைத்தார்களாம், "சராசரிக்கும் கீழே" என்று வந்ததிலிருந்து அழுதுகொண்டே இருக்கிறாள். இந்தப் படிப்பு அவளுக்கு ஒத்து வருமா அம்மா?

தாராளமாகப் படிக்கட்டும் ஐயா. இந்த மாதிரிச் சுயமதிப்பீட்டுத் தாள்கள் ஒரு வகுப்பின் சராசரியைப் பார்க்க உதவும், தனி ஒருத்தியின் தலையெழுத்தைச் சொல்லாது. தன்னைக் கறாராகப் பார்க்கிற பிள்ளைக்கு மதிப்பெண் குறைவது சகஜம். அந்த முடிவை அவள் கையில் கொடுத்து அப்படியே அனுப்பியதுதான் தப்பு.

நர்சிங் கல்லூரி ஆசிரியர், மதுரை: அட்மிஷனிலேயே இந்த டெஸ்ட் வைத்து வடிகட்டினால் என்ன?

வேண்டாம். சீட் வேண்டும் என்று வருகிற பிள்ளை "மற்றவர் மனநிலை எனக்குப் புரியாது" என்று டிக் அடிப்பாளா? எந்தக் கட்டத்தில் அடிக்க வேண்டும் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

இங்கிலாந்தில் மிட் ஸ்டாஃபர்ட்ஷயர் மருத்துவமனையில் நோயாளிகளைக் கவனிக்காமல் விட்ட கொடுமை பற்றிய பிரான்சிஸ் அறிக்கை 2013இல் வந்தது. அதற்குப் பிறகு மாணவர் சேர்க்கையில் மனப்பான்மையையும் பார்க்க வேண்டும் என்று அங்கே தீவிரமாக இறங்கினார்கள். அதற்கு அவர்கள் பெரிதும் நம்பியது சூழ்நிலையைக் கொடுத்து என்ன செய்வாய் என்று கேட்பதையும், கனடாவின் மெக்மாஸ்டரில் தொடங்கிய குறுநேர்காணல் முறையையும். அதில் மாணவர் ஒவ்வொரு மேசையாகப் போவார், மேசைக்கு ஒரு தேர்வாளர், சில நிமிடங்கள்தான். ஒருவருக்குப் பிடிக்காமல் போனாலும் மற்றவர்கள் மதிப்பெண் இருக்கிறது.

சேர்ந்த பிறகு பார்க்க வார்டு இருக்கிறதே. ஒரு பெரியவருக்குக் கால் புண்ணில் டிரெஸ்ஸிங் மாற்றும் மாணவியை நின்று கவனியுங்கள். பழைய காஸ் துணியை உரிக்கும்போது அவர் கட்டில் கம்பியை இறுகப் பிடிக்கிறார், வாயைத் திறக்கவில்லை. ஒருத்தி கையை நிறுத்தி, கொஞ்சம் சலைன் ஊற்றி நனைத்துவிட்டு, "வலிக்குதா தாத்தா, மெதுவா எடுக்கிறேன்" என்கிறாள். இன்னொருத்தி புரொசீஜரை வரிசை தப்பாமல் முடிக்கிறாள், அவர் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. ஷுட்டேயில் இரண்டாமவள் 140 எடுத்திருக்கலாம். ரொனால்ட் ஹார்டன் 1975இல் அறிமுகப்படுத்திய ஆஸ்கி தேர்வை (மாணவர் செய்முறையைச் செய்துகாட்ட, தேர்வாளர் செக்லிஸ்ட் வைத்து மதிப்பெண் போடும் தேர்வு) நீங்களும் வைக்கிறீர்கள். அதன் செக்லிஸ்ட்டில் "முகத்தைப் பார்த்தாளா, வலியைக் கேட்டாளா" என்று இரண்டு வரி சேர்த்தால் செலவே இல்லை.

எம்.பி.பி.எஸ். மாணவர், சென்னை: மூன்றாம் ஆண்டில் பரிவு குறைந்துவிடும் என்கிறார்களே?

அமெரிக்காவில் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில் ஹோஜாத் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வு அது. அவர்களே உருவாக்கிய 20 கேள்வி அளவுகோல், மதிப்பெண் 20 முதல் 140. நோயாளிகளை நிஜமாகப் பார்க்கத் தொடங்குகிற மூன்றாம் ஆண்டில் சரிவு தெரிந்தது. ஆனால் அதே அளவுகோலை வைத்து ஜப்பானில் பார்த்தபோது ஆண்டு ஏற ஏற மதிப்பெண்ணும் ஏறியது. அதனால் இதை எல்லா ஊருக்கும் பொதுவான விதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் ஊரில் 2019 பேட்ச் முதல் ஏட்காம் என்ற பெயரில் மனப்பான்மை, அறநெறி, தகவல்தொடர்பு எல்லாம் பாடத்திட்டத்தில் இருக்கின்றன. அதை வருகைப்பதிவுக்காக மட்டும் உட்கார்ந்து கழிக்காமல் இருந்தால் நல்லது.

எம்.எஸ்.டபிள்யூ. மாணவி, திருச்சி: அக்கா, எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது? களப்பணிக்குப் போய் வந்தாலே தூக்கம் வருவதில்லை.

உங்களுக்குத்தான் நிறைய இருக்கிறது. கேல் கின்மனும் லூயிஸ் கிராண்டும் இங்கிலாந்தில் சமூகப்பணி மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 2011இல் வந்தது. உணர்வுசார் நுண்ணறிவும், நடந்ததைத் திரும்ப யோசிக்கும் பழக்கமும் உள்ளவர்கள் நெருக்கடியைத் தாங்குகிறார்கள், அப்படித் தாங்குபவர்களுக்கு மன உளைச்சல் குறைவு என்று அதில் தெரிந்தது. களப்பணி அறிக்கையில் "குடும்பத்தைச் சந்தித்தேன், ஆலோசனை வழங்கினேன்" என்பதோடு நிறுத்தாமல், அந்த வீட்டில் உனக்கு எங்கே கோபம் வந்தது, எங்கே பேச்சு வரவில்லை என்றும் எழுதி சூப்பர்வைசரிடம் காட்டும்மா. தூக்கம் இப்படியே போனால், அதை அறிக்கையில் எழுதிக்கொண்டிருக்காமல் நேரே போய்ச் சொல்.

பெயர் வேண்டாம்: ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகமா?

பரீட்சை மாதிரியான எம்.எஸ்.சி.இ.ஐ.டி.யில் சராசரியாகப் பெண்கள் முன்னால் இருக்கிறார்கள். "உங்களுக்கு எவ்வளவு இருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்ட ஒரு ஆய்வில் ஆண்கள் தங்களுக்குக் கூடுதலாகப் போட்டுக்கொண்டார்கள். வேறென்ன சொல்ல!

பி.எஸ்சி. நான்காம் ஆண்டு, நாகர்கோவில்: எங்கள் வகுப்பில் புராஜெக்ட்டுக்குத் தாள் கொடுக்கப் போகிறோம். ரோல் நம்பர் எழுதச் சொல்லலாமா?

கூடாது. ஒரே ஆள் முதலில் கொடுத்த தாளையும் பிறகு கொடுத்த தாளையும் ஒப்பிட வேண்டுமானால், ஆளுக்கொரு ரகசியக் குறியீடு போட்டுக்கொள்ளட்டும். விருப்பமில்லாதவர் வெற்றுத்தாளைக் கொடுக்கலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தாளை வாங்குகிற நேரத்தில் இன்டர்னல் மார்க் போடும் மேடம் வகுப்பில் இருக்க வேண்டாம்.