படம் இருட்டா, டிவி இருட்டா?

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து ஓடிடியில் ஒரு படம் பார்ப்பது எங்கள் வழக்கம். முடிந்ததும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வரி எழுதுவேன். போன வாரம், "படம் ஒரே இருட்டு. பாதி வசனம் காதிலேயே விழவில்லை. சீரியல் மாதிரி இருக்கிறது. செகண்ட் ஹாஃப் இழுவை" என்று எழுதினேன். அதே படத்தைத் தியேட்டரில் பார்த்த கொழுந்தனார், "அண்ணி, நீங்க பார்த்தது வேற படம் போல" என்று பதில் போட, ஆளாளுக்குப் பேசி மனக்கசப்பில் முடிந்தது. மனதில் பட்டதைத்தானே சொன்னேன்? இனிமேல் எழுதட்டுமா, விட்டுவிடட்டுமா? எங்களுடையது 43 அங்குல ஸ்மார்ட் டிவி.
- திருச்சி வாசகி

பதில்: விட்டுவிட வேண்டாம், எழுதுங்கள். வீட்டில் நாலு பேர் சேர்ந்து பார்த்து, பார்த்ததைப் பற்றிப் பேசுவது நல்ல பழக்கம். ஆனால் கொழுந்தனார் சொன்னதில் உண்மை இருக்கிறது. அவர் பார்த்த படமும் நீங்கள் பார்த்த படமும் ஒன்றல்ல. நீங்கள் சொன்ன நாலு குறைகளில் மூன்று உங்கள் டிவியிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். நாலாவது, பார்த்த விதத்திலிருந்து வந்திருக்கலாம். இதைச் சரிபார்க்காமல் எழுதினால், இயக்குநர் செய்யாத தப்புக்கு அவரைக் குறை சொன்னதாகிவிடும்.

முதலில் 'சீரியல் மாதிரி' என்றது. சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம் (அசையாத தனிப்படம்) வீதம் எடுக்கப்படுகிறது. இன்றைய டிவி திரை நொடிக்கு 60 முறை புதுப்பித்துக்கொள்ளும். அந்த இடைவெளியை நிரப்ப, இரண்டு ஃப்ரேமுக்கு நடுவே இல்லாத ஃப்ரேமைத் தானே கணக்குப் போட்டு உருவாக்கிச் செருகும் வசதி பல டிவிகளில் இருக்கிறது. கிரிக்கெட் நேரலைக்கு அந்த வழவழப்பு பொருந்தும். சினிமாவில் அது வந்தால் ஆட்கள் வழுக்கிக்கொண்டு போவதுபோலத் தெரியும், பெரிய செட்கூட மலிவாகத் தெரியும். செட்டிங்ஸில் பிக்சர் பகுதிக்குள் போய்ப் பாருங்கள். சாம்சங்கில் 'ஆட்டோ மோஷன் பிளஸ்' அல்லது 'பிக்சர் கிளாரிட்டி', எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ' என்று பெயர். மற்றவற்றில் 'மோஷன்' என்ற சொல்லைத் தேடுங்கள். அதை 'ஆஃப்' செய்யுங்கள். சில மாடல்களில் ஓடிடிக்கு ஒன்று, செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று என்று தனித்தனியாக மாற்ற வேண்டியிருக்கும். கேபிளில் மாற்றிவிட்டு, ஓடிடியில் அப்படியேதான் இருக்கிறது என்று குழம்புவது இதனால்தான்.

அடுத்தது இருட்டு. பல டிவிகள் கடையிலிருந்து வரும்போது 'விவிட்' அல்லது 'ஸ்டாண்டர்ட்' மோடில் இருக்கும். விவிட் என்பது ஷோரூம் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிவதற்கானது. கறுப்பை அது இன்னும் கறுப்பாக்கிவிடுவதால், இரவுக் காட்சியில் நடிகரின் தலைமுடியும் பின்னால் இருக்கும் சுவரும் ஒன்றாகிப் போகும். 'சினிமா', 'மூவி', 'ஃபிலிம்மேக்கர் மோட்' ஆகியவற்றில் எது இருக்கிறதோ அதற்கு மாற்றுங்கள். ஃபிலிம்மேக்கர் மோடாக இருந்தால், மேலே சொன்ன செயற்கை ஃப்ரேம் வேலையையும் அதுவே நிறுத்திவிடும். மாற்றியதும் படம் மஞ்சளாகத் தெரியும், பயந்து திரும்ப மாற்றிவிடாதீர்கள். இரண்டு மூன்று நாளில் கண் பழகிவிடும். பிறகு பழைய மோடைப் போட்டுப் பார்த்தால் அதன் நீலப்பூச்சு உங்களுக்கே உறுத்தும்.

'ஈக்கோ' அல்லது 'பவர் சேவிங்' போட்டிருந்தாலும் வெளிச்சம் குறையும். படம் பார்க்கும்போது அணைத்துவிடுங்கள். திரைக்கு எதிர்ச்சுவரில் டியூப்லைட் எரிந்தால் அது அப்படியே கண்ணாடியில் விழுந்து இருட்டுக் காட்சியை மறைக்கும். அதை அணைத்துவிட்டு, டிவிக்குப் பின்னால் சின்ன விளக்கு ஒன்று எரியவிட்டால் போதும். இருட்டில் படம் கட்டம் கட்டமாக உடைந்தால் அது இணையத்தின் வேகக் குறைவு. ஃபுல் எச்டிக்குச் சுமார் 5 எம்பிபிஎஸ், 4கேக்குச் சுமார் 15 எம்பிபிஎஸ் தடையில்லாமல் வர வேண்டும். சில சந்தாத் திட்டங்களிலேயே படத்தின் தெளிவுக்கு 480பி, 720பி என்று ஃபுல் எச்டிக்கும் குறைவான வரம்பு உண்டு. உங்களுடையது எது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். தூரமும் முக்கியம். திரையின் மூலைவிட்ட அளவைப்போல ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்குக்குள் உட்கார்வது நல்லது. 43 அங்குலத்துக்கு அது ஐந்தரை அடியிலிருந்து ஏழடி. ஹாலின் மறுகோடி சோபாவில் பன்னிரண்டு அடி தள்ளி உட்கார்ந்து பார்த்தால், கண்ணால் நடிக்கும் நடிகர் சும்மா நிற்பதாகத்தான் தெரியும்.

வசனம் கேட்காதது இன்று வீட்டுக்கு வீடு இருக்கும் புகார். தியேட்டருக்கென்று ஆறு தடங்களாகக் கலக்கப்படும் '5.1' ஒலியில் வசனத்தில் பெரும்பகுதி நடு ஸ்பீக்கருக்குப் போகும். இசையும் இரைச்சலும் பக்கங்களிலிருந்தும் பின்னாலிருந்தும் வரும். உங்கள் டிவியில் இருப்பதோ, கீழ்நோக்கியோ சுவரைப் பார்த்தோ இருக்கும் இரண்டு சின்ன ஸ்பீக்கர். ஆறு தடமும் அந்த இரண்டுக்குள் நெரிபடும்போது முதலில் அமுங்குவது பேச்சுதான். படம் ஓடும்போது 'ஆடியோ அண்ட் சப்டைட்டில்' பட்டியலைத் திறந்து பாருங்கள். 'தமிழ் 5.1', 'தமிழ்' என்று இரண்டு இருந்தால் 5.1 இல்லாததை எடுங்கள். டிவியின் சவுண்ட் பகுதியில் 'கிளியர் வாய்ஸ்', 'ஸ்பீச்' போன்ற ஒன்று இருக்கும், அதையும் போடுங்கள். தலைக்கு மேல் ஐந்தாம் எண்ணில் சுற்றும் மின்விசிறியை மூன்றுக்கு இறக்குங்கள். ச, ஸ, த போன்ற மெல்லிய ஒலிகளை விழுங்குவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. சவுண்ட்பார் வாங்கும் எண்ணம் இருந்தால் 2.1 வேண்டாம், 3.1 வாங்குங்கள். அந்த மூன்றாவதுதான் வசனத்துக்கான நடு ஸ்பீக்கர்.

தப்பு யார்மேல் என்று கண்டுபிடிக்க எளிய வழி, வசனம் புரியாத அதே காட்சியைக் கைபேசியில் இயர்போன் போட்டுக் கேட்பது. அதில் தெளிவாகக் கேட்டால் படத்தின்மேல் குறையில்லை. அதிலும் கேட்கவில்லை என்றால் தாராளமாக எழுதலாம், ஒலிக்கலவையைத்தான் சொல்கிறீர்கள் என்றும் குறிப்பிடலாம். உதட்டசைவு பொருந்தாதபோதும் இப்படி ஒரு சோதனை உண்டு. யாராவது கதவைச் சாத்தும் இடத்தையோ டம்ளரை மேஜையில் வைக்கும் இடத்தையோ பாருங்கள். அந்தச் சத்தமும் ஒரு கணம் தள்ளி வந்தால் கோளாறு உங்கள் கருவியில், 'ஆடியோ டிலே' அளவை மாற்றினால் சரியாகும். டம்ளர் சத்தம் சரியாக விழுந்து உதடு மட்டும் விலகினால் அது டப்பிங்.

இனி 'செகண்ட் ஹாஃப் இழுவை'. தியேட்டரில் இடைவேளை வரும் என்று தெரிந்தே நம் படங்களுக்குத் திரைக்கதை எழுதுகிறார்கள். முதல் பாதியைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டுபோய், உச்சத்தில் 'இடைவேளை' போடுவார்கள். அதன்பின் பத்துப் பதினைந்து நிமிடம் வெளியே நின்று டீ குடித்து, "அவன்தான் கொன்றிருப்பான்" என்று பேசிவிட்டு உள்ளே வருபவருக்காக, இரண்டாம் பாதி மெதுவாகத் தொடங்கும். வீட்டில் நிறுத்தாமல் ஓடவிட்டால் அந்த உச்சமும் நிதானமான தொடக்கமும் ஒட்டிக்கொண்டு வரும். ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குச் சட்டென்று பிரேக் போட்டதுபோல இருக்கும், அதைத்தான் இழுவை என்கிறோம். இரண்டரை மணி நேரப் படத்தில் ஏறக்குறைய 70ஆம் நிமிடத்திலிருந்து 80ஆம் நிமிடத்துக்குள் இசை உச்சத்துக்குப் போய் ஒரு திருப்பம் வரும். அங்கே நிறுத்துங்கள், விளக்கைப் போடுங்கள், பத்து நிமிடம் எழுந்து நடமாடுங்கள். படத்தை இரண்டு நாளாகப் பிரித்துப் பார்ப்பதானாலும் வெட்டை அங்கேயே வையுங்கள். தூக்கம் வந்த இடத்தில் நிறுத்தி மறுநாள் தொடர்ந்த படத்தின் வேகத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லாமலிருப்பதே நியாயம். பத்துப் பத்து விநாடியாகத் தள்ளி ஓட்டிய படத்துக்கும், 1.25 வேகத்தில் பார்த்த படத்துக்கும் அதுவேதான்.

எந்தப் பதிப்பைப் பார்த்தீர்கள் என்பதையும் ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள். தொலைக்காட்சியில் படம் காட்ட யு அல்லது யுஏ சான்றிதழ் வேண்டும். 'ஏ' வாங்கிய படம் வெட்டுப்பட்டு, மறுசான்றிதழ் பெற்றுத்தான் சேனலுக்கு வரும். ஓடிடியில் நீக்கிய காட்சிகள் சேர்ந்தும் வரலாம், நீளம் குறைந்தும் வரலாம். மாமியாரோடு பழைய கறுப்பு வெள்ளைப் படம் பார்ப்பீர்களானால் இன்னொன்று: தமிழின் முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படம் 1973இல்தான் வந்தது. அதற்கு முந்தைய படங்கள் ஏறக்குறைய சதுரமானவை, இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருப்பதுதான் சரி. திரை முழுக்க நிரம்பியிருந்தால் ஒன்று முகம் அகலமாக இழுபட்டிருக்கும், அல்லது தலை வெட்டுப்பட்டிருக்கும். ரிமோட்டில் 'ஆஸ்பெக்ட் ரேஷியோ'வை 'ஒரிஜினல்' அல்லது '4:3' ஆக்கிப் பாருங்கள்.

இவ்வளவும் செய்தபிறகு உங்களுக்குப் படம் பிடிக்கவில்லை என்றால், அது அசல் கருத்து. எழுதும்போது தீர்ப்பை விட்டுவிட்டு ஒரு காட்சியைச் சொல்லுங்கள். "படம் சுமார், செகண்ட் ஹாஃப் லேக், பிஜிஎம் ஓகே" என்பதைப் படிக்கிறவருக்கு உடன்படவோ மறுக்கவோ பிடிமானம் இல்லை. மிஞ்சுவது உங்கள்மேல் வரும் எரிச்சல்தான். இப்படி எழுதிப் பாருங்கள்: "அப்பா கடன் கேட்கப் போகும் காட்சியில் வசனமே இல்லாமல் செருப்பை வாசலில் கழற்றலாமா வேண்டாமா என்று நிற்பாரே, அதுவரை எனக்குப் பிடித்தது. அதன்பின் அதே அவமானத்தை மூன்று காட்சிகளில் திரும்பத் திரும்பச் சொன்னதால் எனக்குச் சலித்துவிட்டது." இதற்கு யாரும் கோபப்பட மாட்டார்கள். "மூன்றாவது காட்சியில்தானே மகன் பார்க்கிறான்" என்று கொழுந்தனார் எழுதுவார். பேச்சு படத்தைப் பற்றியே நடக்கும்.

யாருடைய வேலை என்பதிலும் கவனம் வேண்டும். ஒரே விஷயம் மூன்று முறை வந்தால் "எடிட்டிங் மோசம்" என்று எழுதிவிடுகிறோம். பெரும்பாலும் அது திரைக்கதையின் பிரச்சினை, எழுதி எடுத்ததைத்தான் எடிட்டர் கோக்க முடியும். பின்னணி இசை வசனத்தை மூழ்கடித்தால் இசையமைப்பாளரைத் திட்டுகிறோம், ஆனால் எது எவ்வளவு சத்தமாகக் கேட்க வேண்டும் என்று அமைப்பது ஒலிக்கலவை மேசை. நிச்சயமில்லை என்றால் துறைப் பெயர் வேண்டாம், "இந்த இடத்தில் எனக்கு இப்படி இருந்தது" என்றாலே போதும். அந்த நடிகரின் ரசிகர் யாராவது உங்கள் குழுவில் இருந்தால், நடிகரைப் பற்றி வேண்டாம், அந்தப் பாத்திரத்தைப் பற்றி எழுதுங்கள். பாத்திரத்தின் பெயரைச் சொல்லி எழுதினாலே பாதிச் சண்டை வராது.

பார்க்காதவர்களும் குழுவில் இருப்பதால் முதல் அரை மணி நேரத்துக்குப் பிறகு வரும் எதையும் முதல் செய்தியில் சொல்லாதீர்கள். பார்த்தவர்களோடு தனியே பேசிக்கொள்ளலாம். பிள்ளைகள் இருக்கும் வீட்டாருக்கு உங்கள் கருத்தைவிடப் பயன்படுவது, யுஏ 7+, 13+, 16+ என்பதில் எது என்பதும், ரத்தமா, கெட்ட வார்த்தையா, எதற்காக அது என்பதும்தான். இதைக் கட்டாயம் சேருங்கள்.

வரும் ஞாயிறு புதுப் படம் போடுவதற்கு முன், போன வாரப் படத்தில் இருட்டாகத் தெரிந்த ஒரு காட்சியையும் வசனம் கேட்காத ஒரு காட்சியையும் மாற்றிய அமைப்பில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் குழுவில், "தம்பி, டிவி செட்டிங்கை மாற்றிவிட்டுத் திரும்பப் பார்த்தேன். இருட்டு என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். செகண்ட் ஹாஃபைப் பற்றி இன்னும் பேச வேண்டியிருக்கிறது, உங்களுக்கு எந்த இடம் பிடித்தது?" என்று எழுதுங்கள்.