ரிமோட் விமானச் சந்திப்புக்கு வருமுன்: கேள்வி பதில்

வரும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ரிமோட் விமானச் சந்திப்பு. முதல் முறை வருகிறவர்கள் நிறையப் பேர் என்பது வந்திருக்கும் கேள்விகளிலேயே தெரிகிறது. இருபது வருடமாகப் பறக்க விடுகிறேன். எனக்குத் தெரிந்த வரை ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஆறு மாதமாகக் கணினி சிமுலேட்டரில் பழகுகிறேன். வாங்கிய விமானம் இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. சந்திப்பிலேயே முதல் தடவையாகப் பறக்க விடலாமா?

தாராளமாகக் கொண்டு வாருங்கள். ஆனால் கூட்டம் சேர்ந்த பிறகு வேண்டாம், விடிந்ததும் வந்துவிடுங்கள். அந்த நேரத்தில் காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும், ஓடுதளமும் காலியாக இருக்கும். உங்கள் ரிமோட்டோடு இணையக்கூடிய இன்னொரு ரிமோட் வைத்திருக்கும் மூத்தவர் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். விமானம் தடுமாறினால் அவர் ஒரு சுவிட்சைத் தட்டித் தன் கைக்கு வாங்கிக்கொள்வார். உங்கள் ரிமோட் மோட் 1-ஆ, மோட் 2-ஆ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மோட் 2-இல் திராட்டில் (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்டிக்) இடது கையில், மோட் 1-இல் வலது கையில். இதைச் சொல்லாமல் அவசரத்தில் ரிமோட்டை நீட்டினால் உதவ வந்தவரும் திணறிப்போவார்.

கேள்வி: விமானம் என்னை விட்டுப் போகும்போது நன்றாக ஓட்டுகிறேன். என்னை நோக்கித் திரும்பியதும் இடது வலது குழம்பிவிடுகிறது.

எல்லோருக்கும் குழம்பியதுதான். ஒரு வழி சொல்கிறேன். எதிரே வரும் விமானத்தில் எந்தப் பக்க இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ, அந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளுங்கள். சாய்கிறவரைத் தோள் கொடுத்து நிமிர்த்துவது மாதிரி. அதோடு, இரு பக்க இறக்கையின் அடியிலும் வேறு வேறு நிறத்தில் அகலப் பட்டை ஒட்டுங்கள். மேகமூட்டத்தில் வெள்ளை விமானம் வெறும் நிழலாகத்தான் தெரியும்.

கேள்வி: போன மாதம் பழுது பார்த்து எடுத்து வந்த விமானம், தரையை விட்டுக் கிளம்பியதுமே புரண்டு விழுந்துவிட்டது. என்ன காரணமாக இருக்கும்?

பழுதின்போது சர்வோவை, அதாவது இறக்கை, வால் பலகைகளை அசைக்கும் சிறு மோட்டாரை, தொட்டீர்களா? தொட்டிருந்தால் முதலில் ஏலிரான் (இறக்கையின் பின் விளிம்பில் மேலும் கீழும் அசையும் பலகை) திசையைத்தான் சந்தேகப்படுவேன்.

எனக்கே நடந்தது இது. ஒரு சந்திப்புக்கு முந்தின இரவு ஏலிரான் சர்வோ ஒன்றை மாற்றினேன். காலையில் ஸ்டிக்கை அசைத்தேன், ஏலிரான் அசைந்தது, சரி என்று ஓடுதளத்தில் வைத்துவிட்டேன். அசைகிறதா என்றுதான் பார்த்தேனே தவிர, எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்க்கவில்லை. இரண்டாள் உயரம் எழும்பியதும் இடது இறக்கை லேசாகத் தாழ்ந்தது. வலது கொடுத்தேன், இன்னும் தாழ்ந்தது. இன்னும் கொடுத்தேன். மூன்று விநாடி இருக்கும். மூக்கு தரையில் குத்தி, குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து ஒட்டிய பால்சா (லேசான மரம்) இறக்கை நடுவில் பிளந்து கிடந்தது. ஒட்டுப் போட்ட இடமெல்லாம் அப்படியே இருந்தது, மரம்தான் முறிந்திருந்தது. அந்தத் துண்டை இன்றும் கருவிப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஆகவே விமானத்தின் பின்னால் நின்றுகொண்டு, ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வலது கொடுத்தால் வலது ஏலிரான் மேலே, இடது கீழே. எலிவேட்டர் (வாலில் மேலும் கீழும் அசையும் பலகை) ஸ்டிக்கைத் தன் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே. ரட்டர் (வாலில் இடம் வலமாக அசையும் பலகை) வலது கொடுத்தால் வலப்பக்கம். பக்கத்தில் ஒருவர் நின்று கேட்டால் இன்னும் நல்லது. சந்திப்புகளில் உடைவதில் பெரும்பகுதி தரையிலேயே தீர்மானமாகிவிடுகிறது என்பதுதான் நான் பார்த்தது.

கேள்வி: ஈர்ப்பு மையம் எங்கே வர வேண்டும்? விமானத்தோடு வந்த கையேடு தொலைந்துவிட்டது.

சாதாரண நேர் இறக்கை என்றால், இறக்கையின் முன் விளிம்பிலிருந்து அதன் முன்பின் அகலத்தில் 25 முதல் 30 சதவீதத்துக்குள் இருந்தால் தைரியமாகத் தொடங்கலாம். அகலம் 20 செ.மீ. என்றால் 5 முதல் 6 செ.மீ. அங்கே இறக்கைக்கு அடியில் இரு விரல் நுனிகளால் தூக்கிப் பாருங்கள், மட்டமாகவோ மூக்கு கொஞ்சம் தாழ்ந்தோ நிற்க வேண்டும். பேட்டரியை உள்ளே வைத்த பிறகுதான் பார்க்க வேண்டும். வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னே தள்ளுங்கள். மூக்கு கனத்த விமானம் மந்தமாகப் பறக்கும், அவ்வளவுதான். வால் கனத்ததை அனுபவசாலியாலும் பிடித்து நிறுத்துவது கடினம்.

கேள்வி: லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை முதல் நாளே முழுதாகச் சார்ஜ் செய்து கொண்டு வரலாமா? களத்தில் என்னென்ன கவனிக்க வேண்டும்?

முந்தின இரவு சார்ஜ் செய்து காலையில் பறப்பதில் தவறில்லை. மழையோ காற்றோ வந்து பறக்க முடியாமல் போனால், முழுச் சார்ஜோடு வாரக்கணக்கில் போட்டு வைப்பதுதான் தவறு. ஒரு செல்லுக்கு முழு அளவு 4.2 வோல்ட், சேமித்து வைக்க 3.8 வோல்ட். மூன்று செல் பேட்டரிக்கு அது 12.6-உம் 11.4-உம். 2200 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியை 2.2 ஆம்பியரில் சார்ஜ் செய்வதே நல்லது. கொள்ளளவில் 80 சதவீதம் செலவானதும் இறக்குகிற மாதிரி டைமர் வையுங்கள்.

பறந்து இறங்கிய சூட்டோடு சார்ஜில் போடாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள். சார்ஜ் ஆகும்போது அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். உப்பியதை எடுத்துவரவே வேண்டாம். விமானம் மோதி விழுந்தால், பார்ப்பதற்கு நன்றாக இருந்தாலும் பேட்டரியைக் கழற்றி, புல் இல்லாத வெட்டவெளியில் தனியாக வைத்துக் கண்காணியுங்கள். அடிபட்ட லிப்போ கொஞ்ச நேரம் கழித்தும் தீப்பிடிக்கும். ஒரு வாளி மணல் அருகில் இருக்கட்டும்.

கேள்வி: நாற்பது பேர் ஒரே இடத்தில் ரிமோட் வைத்திருந்தால் சிக்னல் மோதாதா?

முன்பு மோதியது. 35, 72 மெகாஹெர்ட்ஸ் காலத்தில் ஒரு அலைவரிசையில் ஒருவர்தான் பறக்கலாம். அந்த எண்ணுக்கான கிளிப்பைப் பலகையிலிருந்து எடுத்துச் சட்டையில் மாட்டியவருக்கே உரிமை. மறந்துபோய் இன்னொருவர் ரிமோட்டை ஆன் செய்தால், பறந்துகொண்டிருந்த விமானம் போச்சு. இப்போதுள்ள 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட் விமானத்துக்குள் இருக்கும் தன் ரிசீவரோடு மட்டும் பேசும், மோதல் பயம் மிகக் குறைவு. ஆனாலும் ரேஞ்ச் சோதனை (சிக்னல் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று பார்ப்பது) கட்டாயம் செய்யுங்கள். ஃபெயில்சேஃபில் (சிக்னல் அறுந்தால் விமானம் தானாகப் போகும் நிலை) திராட்டில் பூஜ்யத்துக்குப் போகிறதா என்றும் பாருங்கள், விமானத்தை ஒருவர் பிடித்திருக்க வேண்டும்.

கேள்வி: காற்று அடிக்கும் திசையிலேயே திரும்பும்போது விமானம் ஏன் பொத்தென்று விழுகிறது?

பின்காற்றில் அது தரைக்கு மேல் விர்ரென்று ஓடுகிற மாதிரி தெரியும். வேகம் அதிகம் என்று நினைத்துத் திராட்டிலைக் குறைக்கிறோம், எலிவேட்டரை இழுக்கிறோம். இறக்கைக்குத் தேவையானது காற்றுக்குள் இருக்கும் வேகம், அது குறைந்ததும் ஸ்டால் ஆகிறது, அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழக்கிறது. தரையைப் பார்த்து வேகத்தைக் கணிக்காதீர்கள். ஸ்டால் ஆனால் இழுப்பதை விட்டு, மூக்கைத் தாழ்த்தி, திராட்டில் கொடுங்கள்.

கேள்வி: என் எட்டு வயது மகளை அழைத்து வரலாமா? அவளுக்கு எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

அவசியம் அழைத்து வாருங்கள் அம்மா. பார்வையாளர் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். பேட்டரி இணைத்த விமானத்தின் விசிறி எப்போது வேண்டுமானாலும் சுற்றலாம் என்று சொல்லிக் கொடுங்கள், விரலைத் துண்டாக்கும் வேகம் அது. ‘இறங்குகிறேன்’, ‘மோட்டார் நின்றுவிட்டது’ என்று யாராவது குரல் கொடுத்தால், இறங்கி முடியும் வரை ஓட்டுகிறவரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டாம். பேட்டரியைக் கழற்றிய பிறகு கேளுங்கள், மகிழ்ச்சியோடு கையில் கொடுப்பார்கள்.

கேள்வி: மாடல் விமானத்தில் இதுவரை நடந்ததிலேயே பெரிய சாதனை எது? (பள்ளி மாணவன்)

தம்பி, என்னைக் கேட்டால் 2003 ஆகஸ்ட். மேனார்ட் ஹில் என்ற அமெரிக்கர் தன் குழுவோடு செய்த பால்சா விமானம், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து கிளம்பி அட்லாண்டிக்கைத் தாண்டி அயர்லாந்தில் இறங்கியது. எரிபொருளோடு சேர்த்து எடை 5 கிலோவுக்குள். 38 மணி நேரத்துக்கு மேல், சுமார் 3,000 கிலோமீட்டர். ஏறுவதும் இறங்குவதும் மனிதர் கையில், நடுக்கடல் முழுக்க ஜிபிஎஸ் வழிகாட்டிய தானியங்கி. அதற்கு முன் அனுப்பியவை கரை சேரவில்லை, அவர் மறுபடியும் செய்தார். அப்போது அவருக்கு 77 வயது, கண்பார்வையும் மிக மங்கியிருந்தது. இதை எழுதும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

கேள்வி: தூரத்துப் புதரில் விழுந்துவிட்டால் எப்படித் தேடுவது?

விழுந்ததும் ஓடாதீர்கள். நின்ற இடத்திலேயே நின்று, அது மறைந்த திசைக்கு நேராக ஒரு மரத்தையோ கம்பத்தையோ பார்வையில் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொருவரைத் தேடப் போகச் சொல்லி, நீங்கள் கையைக் காட்டி வழி சொல்லுங்கள். திராட்டில் முழுதும் கீழே இருக்கட்டும், ரிமோட்டை அணைக்க வேண்டாம். ஏலிரானை மெதுவாக அசைத்துக்கொண்டே இருங்கள், பேட்டரி உயிரோடு இருந்தால் சர்வோவின் ‘கிர்ர்’ சத்தம் தேடுகிறவர் காதில் விழும். கண்டுபிடித்ததும் முதலில் விமானத்தின் பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள், அதற்குப் பிறகுதான் ரிமோட்.